பழைய மேனுவல் வண்டியில் கியர் தகராறு: அறிகுறியைப் பார்த்து ஆயிலை முடிவு செய்வது எப்படி

பதினைந்து, இருபது வருடம் ஓடிய மேனுவல் கியர் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளில் ஒன்றுதான் கிடைக்கும். ஒன்று, “பாக்ஸை இறக்கணும்.” இன்னொன்று, “கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊத்திப் பார்க்கலாம்.” இரண்டும் சில நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் அறிகுறியைப் பிரித்துப் பார்க்காமல் சொல்லும்போது, முதலாவதில் பல ஆயிரம் ரூபாய் வீணாகும். இரண்டாவதில் நன்றாக இருந்த சின்க்ரோ ரிங்கும் (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் வளையம்) சேர்ந்து தேயும்.

தவறான ஆயில் ஊற்றிய கியர்பாக்ஸ், தேய்ந்துபோன கியர்பாக்ஸைப் போலவே நடந்துகொள்ளும். அதனால்தான் ஆயில் விஷயத்தை முதலில் தீர்த்துவிட்டு மற்றதற்குப் போகவேண்டும் என்கிறோம். ஆயில் மாற்றுவது அரைநாள் வேலை. பாக்ஸை இறக்கி ஏற்றுவது அப்படியல்ல.

முதலில் பாட்டிலின் பின்பக்கம்

கடையில் “கியர் ஆயில் 90 குடுங்க” என்று கேட்டால் கைக்கு வருவது அநேகமாக ஜிஎல்-5 ஆகத்தான் இருக்கும். லாரி, வேன், ஜீப் என்று பின் ஆக்ஸிலுக்கு அதிகம் விற்பது அதுதான். இந்த ஒரு பழக்கத்தால் கெட்ட சின்க்ரோ ரிங்குகள் ஏராளம்.

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை ஏபிஐ எனப்படும் அமெரிக்க பெட்ரோலியக் கழகம் வகுத்த பிரிவுகள். 5 என்பது 4-ஐவிட உயர்ந்தது என்ற பொருளே இதில் இல்லை. இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை. பின்சக்கர இயக்க வண்டிகளின் டிஃபரன்ஷியலில் (சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பகுதி) இருப்பது ஹைபாய்டு வகைக் கிரவுன்-பினியன். அதில் பினியனின் அச்சு கிரவுனின் மையத்துக்குக் கீழே விலகி இருக்கும். அதனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல், பெரும் அழுத்தத்தில் உரசி வழுக்கவும் செய்யும். அந்த இடத்தில் இரும்பும் இரும்பும் ஒட்டிப் பிய்ந்துபோகாமல் காப்பதற்குத்தான் ஜிஎல்-5-ல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த ஈபி (பெரும் அழுத்தத்தைத் தாங்க உதவும்) சேர்மானம் அதிகம். ஜிஎல்-4-ல் அது ஏறக்குறைய பாதி.

கியர்பாக்ஸின் உள்ளே கதை வேறு. நீங்கள் கியர் போடும்போது சின்க்ரோ ரிங்கின் உள்பக்கம் கியரின் கூம்புமேல் அழுந்தி, உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. வேகம் ஒன்றான பிறகுதான் பற்கள் சத்தமில்லாமல் கோத்துக்கொள்ளும். அதாவது அந்த ஒரு நொடிக்கு அங்கே உராய்வு வேண்டும். ரிங்கின் உள்பக்கம் நுண்ணிய வரிகள் வெட்டியிருப்பதே ஆயில் படலத்தைக் கிழித்துப் பிடிப்பதற்காகத்தான். ஜிஎல்-5-ன் வழுக்கும் படலம் அந்தப் பிடிப்பைக் குறைக்கிறது. ரிங் பிடிக்காமல் சறுக்க, வேகம் ஒன்றாவதற்குள் பற்கள் மோதுகின்றன. அந்த மோதல்தான் ‘கர்ர்’.

இரண்டாவது கேடு மெதுவாக வரும். பழைய பாக்ஸ்களில் சின்க்ரோ ரிங், சில புஷ்கள் எல்லாம் பித்தளை அல்லது வெண்கலம். சூடேறிய நிலையில் வீரியமுள்ள கந்தகம் செம்பு கலந்த உலோகங்களை அரிக்கும். இப்போது வரும் நல்ல ஜிஎல்-5 ஆயில்களில் இதைத் தடுக்கும் சேர்மானமும் இருக்கிறது. ஆனாலும் உராய்வுக் குறைவு அப்படியேதான் இருக்கிறது. வண்டியோடு வந்த கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4 மட்டுமே.

‘ஜிஎல்-4/ஜிஎல்-5’ என்று இரண்டையும் போட்ட பாட்டில்களும் கிடைக்கும். சின்க்ரோமெஷ் மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஏற்றது என்று அந்த பாட்டிலிலேயே தெளிவாக எழுதியிருந்தால் எடுக்கலாம். எழுதவில்லை என்றால் அதை ஜிஎல்-5 ஆகவே எண்ணி வைத்துவிடுங்கள்.

அடுத்தது கெட்டித்தன்மை. கியர் ஆயிலின் எண்ணை இன்ஜின் ஆயிலின் எண்ணோடு ஒப்பிடவே கூடாது; இரண்டும் வெவ்வேறு அளவுகோல். கியர் ஆயிலில் 90 என்பது 100 டிகிரி செல்சியஸில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு) வரை. இன்ஜின் ஆயில் அளவுகோலில் அது 40-க்கும் 50-க்கும் இடைப்பட்ட கெட்டிதான். 140 என்பது 24-க்கு மேல். ‘டபிள்யூ’ போட்ட முன் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்வது. 80டபிள்யூ-வுக்கான சோதனை நடப்பது மைனஸ் 26 டிகிரியில். சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே நமக்கு முன் எண்ணைவிடப் பின் எண்தான் முக்கியம். கையேட்டில் வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டு மூன்று கிரேடு கொடுத்திருந்தால், வெயில் பக்கமாக இருக்கும் கிரேடை எடுங்கள்.

அறிகுறி 1: கியர் மாற்றும்போது அரைக்கும் சத்தம்

அதிகம் கேட்கும் புகார் இது. பெரும்பாலும் 3-லிருந்து 2-க்கு இறக்கும்போது, சில வண்டிகளில் 1-லிருந்து 2-க்கு ஏற்றும்போது.

ஆயிலைத் தொடுவதற்கு முன் கிளட்சைச் சோதியுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். கிளட்சை முழுவதும் மிதித்து, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான பழைய பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சின்க்ரோ கிடையாது. கிளட்ச் முழுதாக விடுபட்டிருந்தால் அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜினின் சுழற்சியை பாக்ஸுக்குள் கொண்டுவரும் தண்டு) சுற்றி ஓய்ந்திருக்கும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். அப்போதும் அரைத்தால் கிளட்ச் விடவில்லை என்று பொருள். கேபிள் நீண்டிருக்கலாம், பெடல் ப்ளே அதிகமாகியிருக்கலாம், ஹைட்ராலிக் வண்டியில் ஸ்லேவ் சிலிண்டர் கசியலாம், கிளட்ச் பிளேட் ஸ்ப்ளைனில் (அது நகரும் பல் வெட்டிய தண்டில்) ஒட்டியிருக்கலாம். இதில் எந்த ஆயிலை ஊற்றினாலும் பலன் இல்லை. இங்கேயே நிறுத்தி கிளட்சைச் சரிசெய்யுங்கள்.

ரிவர்ஸ் சுத்தமாக விழுந்தால் அடுத்த கேள்வி: எல்லாக் கியரிலும் அரைக்கிறதா, ஒன்றில் மட்டுமா?

ஒரே ஒரு கியரில் மட்டும் அரைத்து, மற்றவை வெண்ணெயாக விழுந்தால், அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சரியான ஆயில் கொஞ்சம் தணிக்கும், ஆனால் குணமாக்காது. 2, 3, 4 எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு தயக்கமும் அரைப்பும் இருந்தால், அதுவும் கடைசியாக ஆயில் மாற்றிய பிறகுதான் தொடங்கியது என்றால், ஆயிலைச் சந்தேகியுங்கள். பழைய பில்லில் என்ன கிரேடு என்று இருக்கிறதா பாருங்கள். மோந்து பார்த்து 4-ஆ 5-ஆ என்று சொல்ல முடியாது. இரண்டிலும் கந்தக வாடை இருக்கும்.

என்ன ஊற்றினார்கள் என்று தெரியாவிட்டால் விசாரித்து நாளைக் கடத்த வேண்டாம். இருப்பதை இறக்கி, கையேட்டில் சொன்ன கெட்டித்தன்மையில் ஜிஎல்-4 நிரப்புங்கள். இறக்கினாலும் பழைய ஆயில் கொஞ்சம் உள்ளே மூலைகளிலும் பேரிங்குகளிலும் தங்கும். எனவே 300 முதல் 500 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி இறக்கி, மறுபடி ஜிஎல்-4. இந்த இரண்டாவது மாற்றத்தை யாரும் செய்வதில்லை. முதல் மாற்றத்திலேயே ‘ஒண்ணும் வித்தியாசம் தெரியலை’ என்று விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகும் அதே அளவு அரைத்தால் மட்டும் பாக்ஸை இறக்குவது பற்றிப் பேசலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கடையில் விற்கும் மாலிப்டினம், டெஃப்லான் வகை ‘உராய்வு குறைக்கும்’ சேர்மானம் எதையும் கியர்பாக்ஸில் ஊற்றாதீர்கள். சின்க்ரோவுக்கு வேண்டிய உராய்வையே அது எடுத்துவிடும்.

அறிகுறி 2: காலையில் முறைக்கும், ஓடிச் சூடானதும் சரியாகும்

ஊட்டியில் என்றால் குளிரைக் காரணம் சொல்லலாம். சென்னையில் சொல்ல முடியாது. இங்கே ஒரு வண்டி காலையில் இரண்டாவது கியருக்கு முறைத்தால், உள்ளே இருப்பது அந்த பாக்ஸுக்கு மிகவும் கெட்டியான ஆயில் என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் குறையட்டும் என்று யாரோ 140 ஊற்றியிருப்பார்கள். அல்லது 75டபிள்யூ-80 கேட்கும் பாக்ஸில் தனி 90 ஊற்றியிருப்பார்கள்.

ஹோண்டா வண்டி வைத்திருப்பவர்கள் இதில் தனியாகக் கவனிக்கவேண்டும். ஹோண்டா தன் மேனுவல் பாக்ஸ்களுக்கென்றே எம்டிஎஃப் என்ற தனித் திரவம் வைத்திருக்கிறது. அதன் பழைய மாடல் கையேடுகளில் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலும் குறிப்பிடப்பட்டிருக்கும். விவரம் தெரியாத பட்டறையில் இதில் ஈபி 90 ஊற்றிவிட்டால் கியர் கம்பி கல்லாக இறுகும். மருந்து எளிது: இறக்கிவிட்டு எம்டிஎஃப் நிரப்புவது, மேலே சொன்னபடி இரண்டு தடவையாக.

கியர் ஆயிலைக் குற்றம் சொல்லுமுன் ஒரு சின்னச் சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்தபடி கம்பியை நியூட்ரலில் இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். அப்போதே இறுக்கமாக இருந்தால் கம்பியை பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜின் புஷ் காய்ந்திருக்கிறது, அல்லது ஷிஃப்ட் கேபிள் துருப்பிடித்திருக்கிறது. கடற்கரைப் பக்கம் திருவான்மியூர், பெசன்ட் நகர், காசிமேடு என்று வெளியில் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றால் இது சாதாரணம். சுத்தம் செய்து கிரீஸ் போட்டால் போதும்.

அறிகுறி 3: நெரிசலில் சூடானதும் கியர் விழ மறுக்கும்

அண்ணாசாலையில் ஒரு மணி நேரம் ஊர்ந்தபின் முதல் கியர் விழவில்லை, காலையில் எல்லாம் நன்றாக இருந்தது என்றால், பெரும்பாலும் கிளட்ச்தான். சூட்டில் பிளேட் விரிந்து பிடிப்பு விடாது. பழைய ஹைட்ராலிக் ஃப்ளூயிட் ஈரம் ஏறி வலுவிழந்திருக்கும். சூடாக இருக்கும்போதே மேலே சொன்ன ரிவர்ஸ் சோதனையைச் செய்யுங்கள், தெரிந்துவிடும்.

கியர் லேசாக விழுகிறது, ஆனால் சூடானதும் சீறும் சத்தம் அதிகமாகிறது என்றால் வேறு விஷயம். அளவு குறைந்திருக்கிறது, அல்லது ஆயில் மிக இளகியிருக்கிறது. முதலில் லெவல் பாருங்கள். லெவல் சரியாக இருந்து, கையேடும் அனுமதித்தால், 75டபிள்யூ-80-லிருந்து 75டபிள்யூ-90-க்கு ஒரு படி ஏறலாம். ஒரே ஒரு படி.

அறிகுறி 4: சத்தம்

சத்தத்தை ஆயிலால் மூடி மறைக்கும் வழக்கம்தான் 140-ஐ இத்தனை பிரபலமாக்கியது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஸ்பேனரே தேவையில்லை, கவனமாகக் கேட்டால் போதும்.

வண்டி நிற்க, நியூட்ரலில், இன்ஜின் ஓட, ‘உர்ர்’ என்று ஒலி இருக்கிறது. கிளட்சை மிதித்தால் நின்றுவிடுகிறது. இது இன்புட் ஷாஃப்ட் பேரிங். பின்சக்கர இயக்க பாக்ஸ்களில் கவுண்டர் ஷாஃப்ட் (இன்புட் ஷாஃப்டால் சுழற்றப்படும் பக்கத்துத் தண்டு) பேரிங்காகவும் இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். அது கியர்பாக்ஸ் ஆயிலோடு சம்பந்தமே இல்லாதது.

அம்பாசடர், ஆம்னி, பொலேரோ போன்ற பின்சக்கர வண்டியில் 1, 2, 3-ல் சத்தம் கேட்டு 4-ல் அமைதியாகிவிட்டால் கவுண்டர் ஷாஃப்ட் பக்கம் தேய்மானம். இந்த பாக்ஸ்களில் 4 நேர் இயக்கம். கவுண்டர் ஷாஃப்ட் சும்மா சுற்றுமே தவிர சுமை தாங்காது.

எந்தக் கியரானாலும் வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஒலி என்றால் கியர்பாக்ஸை விட்டு வெளியே பாருங்கள். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஒரு தொனி, விட்டால் வேறு தொனி என்றால் கிரவுன்-பினியன். கத்திப்பாரா மேம்பாலத்தின் வட்டப் பாதை போன்ற நீண்ட வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் ஒலி கூடினால் சக்கர பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரத்தில் ஏறும். எனவே அப்போது கூடினால் வலப்பக்கத்து பேரிங்.

தேய்ந்த பேரிங் கெட்டி ஆயிலில் சில மாதம் அமைதியாகும், தேய்வதை நிறுத்தாது. சின்க்ரோ ரிங்கும் அந்தக் கெட்டிப் படலத்தைக் கிழிக்க முடியாமல் சேர்ந்து தேயத் தொடங்கும். ஒரு பேரிங் செலவு, பேரிங்கும் ரிங்கும் சேர்ந்த செலவாகிறது. வண்டியை விற்கப் போகிறவர்கள் 140 ஊற்றுவது அந்தச் சில மாத அமைதிக்காகத்தான். பழைய வண்டி வாங்கிய உடனே கியர் ஆயிலை இறக்கிப் பார்க்கவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதும் இதனால்தான்.

அறிகுறி 5: கியர் நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது

ஆயில் காரணமில்லை. இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து லிங்கேஜ் அட்ஜஸ்ட்மென்ட், கியரை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் டிடென்ட் ஸ்ப்ரிங். இவை வெளியிலிருந்தே பார்க்கக்கூடியவை. இவையெல்லாம் நன்றாக இருந்தும் நழுவினால் கோக்கும் பற்களின் முனை உருண்டிருக்கிறது, பாக்ஸ் இறங்கித்தான் ஆகவேண்டும்.

அறிகுறி 6: கசிவு

வண்டிக்கு அடியில் ஒரு இரவு முழுக்க அட்டை விரித்து வையுங்கள். சொட்டின் இடம் பாதி விடையைச் சொல்லும். டிரைவ் ஷாஃப்ட் நுழையும் இடத்தில் என்றால் அந்த ஆயில் சீல். இன்ஜினும் பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் என்றால் இரண்டு வாய்ப்பு: இன்ஜினின் பின் சீல், அல்லது பாக்ஸின் இன்புட் சீல். விரலில் தொட்டு மோந்தால் கந்தக வாடை அடிப்பது கியர் ஆயில். எம்டிஎஃப் ஊற்றும் வண்டிகளில் இந்தச் சோதனை உதவாது. இன்புட் சீல் கசிவைத் தள்ளிப்போட வேண்டாம், அது கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும்.

சீல் வாங்குவதற்கு முன் ப்ரீதரைத் தேடுங்கள். பாக்ஸின் மேலே ஒரு சின்ன மூடி அல்லது குழாய். அது சேறடைத்துக் கிடந்தால் சூட்டில் உள்ளே காற்றழுத்தம் ஏறி நல்ல சீல் வழியாகவும் ஆயிலைத் தள்ளும். புது சீல் போட்டும் ஒரே மாதத்தில் கசிகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் பிரச்சினை இங்கேதான். அளவுக்கு மேல் நிரப்பினாலும் ஆயில் கடைந்து நுரைத்து இதே போலக் கசியும்.

அறிகுறி 7: மழைத் தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பரும் 2023-ன் மிக்ஜாம் புயலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு மறக்காது. இன்ஜினில் தண்ணீர் போனதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். கியர்பாக்ஸை யாரும் பார்ப்பதில்லை.

தண்ணீர் சக்கரத்தின் பாதி உயரத்துக்கு நின்றிருந்தால் பாக்ஸைச் சந்தேகிக்கவேண்டும். நின்ற தண்ணீரில் மூழ்குவதைவிட, ஓடிச் சூடான பாக்ஸைத் தண்ணீரில் இறக்குவது மோசம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, ப்ரீதர் வழியாகவும் சீல் ஓரங்கள் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

வண்டியை ஓட்டாமல் ஒரு இரவு விட்டுவிடுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். காலையில் டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும். ஓட்டிவிட்ட வண்டி என்றால் பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் இறங்கும். முழுவதும் வடித்து, விலை குறைந்த ஜிஎல்-4 ஆயிலை நிரப்பி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டி மறுபடி இறக்குங்கள். ஆயில் தெளிவாக வரும்வரை இதைச் செய்துவிட்டு, கடைசியாக நல்ல ஆயில். வாரக்கணக்கில் தள்ளிப்போட்டால் பேரிங்கில் துரு குழி விழுந்துவிடும். பின்சக்கர வண்டியில் டிஃபரன்ஷியலுக்கும் இதே வேலை உண்டு, ஆனால் ஜிஎல்-5 கொண்டு.

எந்த வண்டிக்கு என்ன

கையேடுதான் கடைசி வார்த்தை. அது தொலைந்துபோயிருந்தால் வண்டியின் அமைப்பே வழி சொல்லும்.

மாருதி 800, ஆல்டோ, ஜென், சான்ட்ரோ போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் டிஃபரன்ஷியலும் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அது ஹைபாய்டு அல்ல, சாதாரண சாய்ந்த பல் கியர். ஆகவே ஒரே ஆயில், ஜிஎல்-4. கெட்டித்தன்மை 75டபிள்யூ-80 முதல் 80டபிள்யூ-90 வரை மாடலைப் பொறுத்து மாறும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 2.5 லிட்டர் பிடிக்கும். மூன்று ஒரு லிட்டர் பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஃபோர்டு ஐகானின் ஐபி5 பாக்ஸ் சுமார் 2.8 லிட்டர் கேட்கும். அதற்கு 75டபிள்யூ-90, ஃபோர்டின் டபிள்யூஎஸ்டி-எம்2சி200-சி தரத்தைக் குறிப்பிடும் ஆயில். இந்த பாக்ஸில் தனி டிரெயின் போல்ட் கிடையாது என்பதால் பழைய ஆயிலை உறிஞ்சித்தான் எடுக்கவேண்டியிருக்கும்.

அம்பாசடர், ஆம்னி, ஜிப்சி, குவாலிஸ், சுமோ, பொலேரோ ஆகியவற்றில் பாக்ஸ் தனி, பின் ஆக்ஸில் தனி. ஆக்ஸிலுக்கு ஜிஎல்-5 கண்டிப்பாக வேண்டும். அங்கே ஜிஎல்-4 ஊற்றினால் கிரவுன்-பினியன் பற்கள் சிராய்ந்துபோகும். பாக்ஸுக்குக் கையேடு சொல்வது. ஒரே டிரம்மிலிருந்து இரண்டுக்கும் ஊற்றும் பட்டறையில், ஊற்றும்வரை பக்கத்தில் நில்லுங்கள். நான்குசக்கர இயக்க ஜிப்சியில் முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் முன் ஆக்ஸிலும் வேறு இருக்கின்றன, அவற்றின் லெவலும் பார்க்கவேண்டும்.

பிரீமியர் பத்மினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கால ஃபியட் பாக்ஸ்களுக்கு ஃபியட் சொன்னது ஈபி சேர்மானமே இல்லாத 90. ஈபி 90 அதன் பின் ஆக்ஸிலுக்குத்தான்.

மாற்றும் முறை

வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் அடியில் படிந்த துகளும் சேர்ந்து வெளியே வரும்.

1. வண்டி நான்கு பக்கமும் சமமாக நிற்கவேண்டும், ஸ்டாண்ட் மேலோ குழிமேடையிலோ. முன்பக்கம் மட்டும் ஜாக்கி ஏற்றி லெவல் பார்த்தால் அளவு தப்பும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

2. ஃபில்லர் போல்ட்டை முதலில் திறங்கள், டிரெயினை அப்புறம். ஃபில்லர் துருப்பிடித்துத் திறக்க மறுத்து, டிரெயினில் ஆயில் முழுவதும் போய்விட்டால் வண்டி அங்கேயே நிற்கும். வர மறுத்தால் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விடுங்கள். சதுரக் குழி உள்ள போல்ட்டுக்கு அதே அளவு சதுரச் சாவிதான். தோராயமாக ஒன்றை வைத்தால் குழி உருண்டுவிடும்.

3. டிரெயினைத் திறந்து இருபது நிமிடம் சொட்ட விடுங்கள். ஆயிலில் கொஞ்சத்தை வெள்ளைத் தாளில் தேய்த்து வெயிலில் பாருங்கள். காந்த போல்ட்டில் சாம்பல் நிற மை போன்ற பசை மெல்லியதாக இருந்தால் இயல்பு. தங்க நிற மினுமினுப்பு, காந்தத்தில் ஒட்டாதது, சின்க்ரோ ரிங்கின் பித்தளை. கொஞ்சம் என்றால் வயதுக்கேற்ற தேய்மானம், ஆயிலே மின்னினால் ரிங் போய்க்கொண்டிருக்கிறது. காந்தத்தில் ஒட்டும் செதில்கள், விளிம்புள்ள துண்டுகள் என்றால் பேரிங் அல்லது பல். அதைப் பார்த்தபின் ஆயில் தேர்வில் நேரம் செலவிடவேண்டாம், பாக்ஸை இறக்குங்கள்.

4. மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள். மூலைகளில் தங்கி, புது ஆயிலை நீர்க்கச் செய்யும். பேரிங்கின் படலத்தைக் கழுவிவிடும்.

5. போல்ட்டுக்குப் புது வாஷர். பழைய செம்பு, அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கியது, மறுபடி சரியாக உட்காராது. வாஷர் இல்லாத கூம்பு மரைக்குக் கையேட்டில் சொன்ன சீலன்ட். பாக்ஸ் அலுமினியம் என்பதால் சாவியில் பைப் மாட்டி இறுக்கினால் மரை உரிந்துபோகும். டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள்.

6. பானட் வழியாக நீண்ட குழாயும் புனலும், இல்லையென்றால் கைப்பம்பு. நிதானமாக ஊற்றுங்கள். ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வந்து சொட்டத் தொடங்குவதுதான் லெவல். சொட்டு ஓய்ந்தபின் மூடுங்கள். ஊற்றிய அளவைக் கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். அரை லிட்டர் வித்தியாசம் வந்தால் வண்டி சாய்ந்து நின்றிருக்கிறது, அல்லது லெவல் துளை என்று நீங்கள் திறந்தது வேறு போல்ட்.

மறுநாள் காலை அடியில் அட்டையைப் பாருங்கள், அடுத்த நாள் லெவலையும்.

வாங்கும்போது

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் எல்லா கிரேடும் கிடைக்கும், ஆனால் கேட்கும் விதம் முக்கியம். “90 ஆயில்” என்று கேட்காதீர்கள். “கியர்பாக்ஸுக்கு, ஜிஎல்-4, 80டபிள்யூ-90” என்று முழுதாகச் சொல்லி, கொடுத்ததைத் திருப்பிப் படியுங்கள். டிரம்மிலிருந்து அளந்து தரும் உதிரி ஆயில் வேண்டாம். உள்ளே இருப்பது என்ன பிரிவு என்று உங்களால் சரிபார்க்க வழியே இல்லை. சிந்தெடிக் கட்டாயமா என்றால் இல்லை. கையேடு மினரல் கேட்ட பாக்ஸுக்கு நல்ல மினரல் ஜிஎல்-4 போதும். சிந்தெடிக் ஊற்றினால் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் பழைய சீல்களைச் சுற்றி இறுகியிருந்த அழுக்கை அது கரைத்தால், அதுவரை மறைந்திருந்த கசிவு வெளியே தெரியும்.

எப்போது மாற்றுவது என்பதைக் கையேட்டில் பாருங்கள். வரலாறு தெரியாத பழைய வண்டியை வாங்கினால் கிலோமீட்டர் பார்க்காமல் உடனே. அதன் பிறகு சென்னை நெரிசலில் தினமும் ஓடும் வண்டிக்கு 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது நியாயமான கணக்கு. தேதி, கிலோமீட்டர், பிரிவு, கிரேடு நான்கையும் பானட்டின் உள்பக்கம் எழுதி ஒட்டிவையுங்கள்.

இறக்கிய ஆயில் அபாயக் கழிவு என்ற வகையில் வருவது. மழைநீர் வடிகாலிலோ மரத்தடியிலோ கொட்டாமல், காலி பாட்டில்களிலேயே அடைத்து, பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.